நாச்சிமுத்து அண்ணனின் வலது கால்

செய்தி வருவதற்கு முன்னால் படம் வந்துவிட்டது. திருச்செங்கோட்டு போர்வெல் ஏஜென்டுகளின் வாட்ஸ்அப் குழுவில், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி எரிய, நடுவில் ஒரு குண்டு மனிதர் உட்கார்ந்திருந்தார். தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிடும் வயிறு. கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிதாக இருந்தது. யாரோ பாவம் என்று நினைத்து, கையில் இருந்த வடையை முடித்துவிட்டுத்தான் பெயரைப் படித்தேன். நாச்சிமுத்து அண்ணன். முதல் நாள் சாயந்திரம்தான் சேலத்து ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அங்கே கட்டிலில் கிடந்தவருக்கும் இந்தப் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

படத்தைப் போட்ட பையனைப் போனில் பிடித்தேன். "ஏன்டா, பத்து வருசத்துக்கு முன்னாடி எடுத்ததைப் போட்டிருக்கற? இப்ப எடுத்தது ஒண்ணுமே கெடைக்கலயா?"

"கெடச்சுதுங்ணா. அதுல ஒட்டிப்போயி நோயாளியாட்ட இருந்தாரு. இதுலதான் நல்ல களையா இருக்கறாரு."

சர்க்கரை ஏறி, பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எடுத்த படம் அது. அந்தக் களைதான் இப்போது ஃப்ளெக்ஸாக அதே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தொங்குகிறது. அவரைத் தெரிந்தவர்கள் நீங்கள் எல்லோரும் அதைக் கும்பிட்டுவிட்டுப் போகிறீர்கள். நீங்கள் கும்பிடுவது, ஒன்பது வருசம் பாடுபட்டு அவரே ஒழித்துக்கட்டிய ஆளை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவரும் நானும் ஒரே அறையில் எதிரெதிர் மேசை. விவசாயி கூப்பிட்டால் நிலத்துக்கு ரிக் வண்டி அனுப்பிக் குழாய்க்கிணறு போட்டுக் கொடுப்பது தொழில். இந்தத் தொழிலில் இருப்பவனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. ஓமலூர்ப் பக்கம் ராடு உடைந்தது என்று ஒருவன் கூப்பிடுவான். வெளிமாநிலத்தில் நிற்கும் வண்டியிலிருந்து டீசல் இல்லை என்று இன்னொருவன் கூப்பிடுவான். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பகல் போய்விடும். நடுவில் டீ, போண்டா, மறுபடியும் டீ. வீடு திரும்பும் வழியில் புரோட்டா. எங்கள் தெருவில் இருக்கும் ஏஜென்டுகளில் சர்க்கரை இல்லாதவனைத் தேட வேண்டும். எனக்கும் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி 'உனக்கெவ்வளவு, எனக்கெவ்வளவு' என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி போட்டி போட்டுக்கொள்வோம். அதிகம் இருப்பவன் டீ வாங்கித் தர வேண்டும்.

நாச்சிமுத்து அண்ணனும் அந்தப் போட்டியில் இருந்தவர்தான். பல தடவை டீ வாங்கித் தந்தவர். அவரை மாற்றியது டாக்டர் இல்லை, அவருடைய அண்ணன். அந்தப் பெரியவருக்குச் சர்க்கரையால் ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அவர்களுடைய அப்பாவுக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். அப்பாவின் கால் ஆஸ்பத்திரியில் எந்தக் குப்பையில் போனது என்று யாருக்கும் தெரியாது. பெரியவர் கால் போன பிறகும் கடையில் ஜோடிச் செருப்பு வாங்கினார். ஒற்றைச் செருப்பு தர மாட்டான் அல்லவா. போடாத செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அவர் செத்த பிறகு அந்தப் புதுச் செருப்புகளை எடுத்துப்போட்டது நாச்சிமுத்து அண்ணன்தான். எடுத்துப்போட்டுவிட்டு நேராக ஆபீசுக்கு வந்தார். "தங்கராசு, எங்கூட்டு ஆம்பளைக அத்தன பேரும் ஒத்தக் காலோடதான் காட்டுக்குப் போவாங்களாட்ட இருக்குது. நான் ரெண்டு காலோட போறேன் பாரு" என்றார். நீண்ட ஆயுள் வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சாகும்போது இரண்டு கால் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

அன்றைக்கே புது மனிதராகிவிட்டார் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். முதல் மாதம் அவரோடு ஒரே அறையில் இருந்தது நரகம். பசியில் எல்லோர் மேலும் எரிந்து விழுவார். நான் பஜ்ஜியைப் பிட்டால் பிட்ட சத்தத்துக்கே திட்டுவார். "கம்பு எனக்குப் புடிக்கும்னு நெனச்சயா? நாய்க்கு வெச்சா மோந்து பாத்துட்டுப் போயிரும். காலு வேணும்ங்கறதுக்காகத் திங்கறேன்" என்பார். யோகா, மன அமைதி என்று யாராவது பேசினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பழக்கம் பிடிப்பதைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "நேரம் இருக்கறவன் எவனும் நடக்கறதில்ல. நேரம் இல்லாதவன் போன் பேசீட்டே நடக்கலாம்." அதன்படியே செய்தார். மேசையில் போன் அடித்தால் எழுந்துவிடுவார். பேசி முடிக்கும்வரை உட்கார மாட்டார். எங்கள் ஆபீசுக்குப் பின்னால் ரிக் ராடுகள் அடுக்கிய காலி இடம். அங்கே ராடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து டிரைவர்களைத் திட்டுவார். நாளெல்லாம் திட்ட வேண்டிய தொழில் என்பதால் நாளெல்லாம் நடந்தார். நாங்கள் சன்னல் வழியாகப் பார்த்து, செக்கு மாடு போகிறது என்போம். அவருக்கும் கேட்கும். "செக்கு மாட்டுக்கு நாலு காலும் இருக்குதுடா" என்று பதில் வரும்.

காரில் எப்போதும் ஒரு தூக்குப்போசி இருக்கும். அவித்த முட்டை, வெள்ளரிக்காய், கொள்ளுச் சுண்டல். விருந்துக்குப் போகிறவர்கள் பசியோடு போவார்கள். அவர் வண்டியை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, போசியைக் காலி செய்துவிட்டு உள்ளே போவார். "பசியோட பந்திக்குப் போனா, எலை சொல்றதைத்தான் வயிறு கேக்கும்" என்பது அவர் பேச்சு.

நம் தொழிலில் இருக்கிற ஒரு கண்டத்தை வெளியாட்கள் அறிய மாட்டார்கள். பாறை உடைந்து குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்ததும், தோட்டக்காரர் வீட்டுப் பெண்கள் சர்க்கரையோ லட்டோ கொண்டுவந்து ஏஜென்ட் வாயில் முதலில் போடுவார்கள். வேண்டாம் என்றால் கிணறு வற்றிவிடும் என்று நம்பிக்கை. ஆக, தொழில் நன்றாக நடந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை வேண்டாமென்றால் தொழில் போகும். ஒருதடவை மல்லசமுத்திரம் பக்கத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார். லட்டோடு நின்ற அந்த அம்மா அழுதேவிட்டார்கள். தோட்டக்காரர் சண்டைக்கு வந்தார். "ஏனுங்க, எங்க தண்ணி நாசமாப் போகோணும்ன்னே வந்தீங்களா?" என்று கத்தினார். அந்தப் பக்கத்துக் கிணறுகள் பிறகு எங்களுக்கு வரவேயில்லை.

அடுத்த கிணற்றில் அண்ணன் வேறு வேலை செய்தார். லட்டைப் பயபக்தியாக இரண்டு கையிலும் வாங்கினார். கண்ணை மூடினார். "மொதல்ல கங்கம்மாவுக்குங்க, பொறவுதான் மனுசனுக்கு" என்று சொல்லி, பீறிட்டு ஓடுகிற சேற்றுத் தண்ணீரில் அதைப் போட்டுவிட்டார். வீட்டுக்காரர்கள் உருகிப்போனார்கள். இப்படி ஒரு பக்தியுள்ள ஏஜென்டைப் பார்த்ததே இல்லை என்று ஊர் பூராவும் சொன்னார்கள். தண்ணீரும் நன்றாக வந்தது. பிறகு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு நம் ஏஜென்டுகள் அத்தனை பேரும் கிணற்றடியில் ஒரு லட்டைத் தண்ணீரில் போடுகிறீர்கள். தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று விவசாயிக்கு விளக்கம் வேறு சொல்கிறீர்கள். போட்டுவிட்டு, அடுத்த லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறீர்கள். அவர் தப்பிக்கச் செய்த தந்திரத்தைச் சாமி ஆக்கினீர்கள், ஆனால் நீங்கள் மட்டும் தப்பிக்கவில்லை. இதைப் பார்த்து அவர் என்னிடம் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

அவருடைய வாய் நல்ல வாய் என்று இனிமேல் யாரும் பொய் சொல்ல வேண்டாம். குலதெய்வக் கோயில் கிடாய் விருந்தில், அவருடைய மச்சினன் வேலுச்சாமி பந்தியில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தான். "எங்க மாமன் கெடாயத் திங்காதுங்க. கெடாய் திங்கற தழையத்தான் திங்கும்." பந்தியே சிரித்தது. அண்ணன் நிதானமாக அவனை மேலும் கீழும் பார்த்தார். "மாப்ள, நீ செத்தா நாலாளு பத்தாதுடா. எட்டாளுக்கு இப்பவே சொல்லி வெச்சுக்க. இல்லீன்னா ரிக் வண்டிலதான் ஏத்தோணும்." மறுபடியும் பந்தி சிரித்தது. வேலுச்சாமி இலையை மூடிவிட்டு எழுந்துபோய், ஒரு வருசம் பேசவில்லை. அண்ணன் மனைவி சரஸ்வதி அக்கா அழுதார்கள். அண்ணன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எலும்புக் குழம்பை ஒதுக்கிவிட்டு இரண்டு கறித்துண்டும் கீரையும் தின்றுவிட்டு, காரில் ஏறினார்.

பிறகு அவரோடு காலையில் நடக்க நான்கு பேர் சேர்ந்தோம். ஆர்வத்தில் இல்லை, அவருடைய வாய்க்குப் பயந்துதான். நடக்க இடம் கேட்டு, பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் போய் நின்றார். மைதானம் அவ்வளவு பெரிது, காலையில் ஒரு காக்கை கூட இருக்காது. வெளியாட்களை விடுவதில்லை என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார்கள். நம் ஏஜென்டுகள் சங்கத்தில், நடக்க ஒரு இடம் பாருங்கள் என்று இரண்டு கூட்டத்தில் எழுந்து கேட்டார். முதல் கூட்டத்தில் சிரித்தார்கள். இரண்டாவதில், சாப்பாடு ஆறிப்போகிறது என்று தலைவர் கூட்டத்தை முடித்தார். ஆகவே நாமக்கல் ரோட்டில் நடந்தோம். ரோட்டோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, புழுதியில், ஒருவர் பின்னால் ஒருவராக.

அவர் அடிபட்ட அன்றைக்கு நான் போகவில்லை, காய்ச்சல். மற்றவர்கள் டீக்கடையில் நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் முன்னால் போனார். முட்டை ஏற்றி வந்த வேன் கோட்டைத் தாண்டி வந்து அடித்தது. ஓட்டிய பையன் தூங்கிவிட்டான். இரண்டு ராத்திரியாக ஓட்டுகிறானாம். ரோடு பூராவும் மஞ்சள் கரு. அதில் வழுக்கி, தூக்க வந்தவர்களும் விழுந்தார்கள் என்று சொன்னார்கள்.

சேலத்தில், வலது காலை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார் டாக்டர். மகன் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். சரஸ்வதி அக்கா கையெழுத்துப் போட்டார்கள். போடும்போது என்னைப் பார்த்து, "இதுக்கா சாமி இத்தன வருசம் பட்டினி கெடந்தாரு?" என்று கேட்டார்கள்.

மத்தியானம் ஒரு ஆள் வந்து, "நாச்சிமுத்து பார்ட்டி யாருங்க? காலை வாங்கிக்குங்க" என்றான். வேலுச்சாமி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். நான் போய் வாங்கினேன். தொடையிலிருந்து எடுத்திருந்தார்கள். பச்சைத் துணியில் சுற்றி, இரண்டு கையிலும் குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்தான். நல்ல கனம். காரில் வைத்து ஊருக்கு எடுத்துப்போய், காட்டில் அவருடைய அப்பாவும் அண்ணனும் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னேன். குழியில் வைக்கும்போது துணி விலகிப் பாதம் தெரிந்தது. முட்டி நசுங்கியிருந்ததே தவிரப் பாதத்தில் ஒரு கீறல் இல்லை. குதிகாலில் வெடிப்பு இல்லை. நகங்கள் நேராக வெட்டியிருந்தன. எண்ணெய் தடவிய தோல். அந்தப் பாதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஆபீசுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி, சவரக் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, அதில் அடிப்பாதத்தைக் காட்டிப் பார்ப்பார். "எங்கண்ணனுக்குக் காலுல புண்ணு வந்தது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. மரத்துப்போச்சுன்னா நோவு தெரியாதுடா. கண்ணுலதான் பாக்கோணும்" என்பார். எங்கள் தொழிலில் அவ்வளவு நல்ல கால் வேறு யாருக்கும் கிடையாது. அதன் மேல்தான் மண்ணைத் தள்ளினேன்.

மறுநாள் அவருக்கு நினைவு வந்தது. "தங்கராசு, பெருவெரலு அரிக்குது. சொறிஞ்சு உடு" என்றார். இடது காலைச் சொறிந்தேன். "அதில்லடா, அந்தப் பக்கம்." போர்வை அந்தப் பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சுகர் எத்தன இருக்குதாமா?"

"நார்மலுங்ணா. சின்னப் பையன் ஒடம்பாட்ட இருக்குதுன்னு டாக்டரே சொல்றாரு."

சிரிக்கப் பார்த்தார். "ஒம்பது வருசம் வளத்தி, முட்டைக்காரனுக்குக் குடுத்தாச்சு." பிறகு, "ஓட்டுன பையன் எங்க?" என்றார்.

"ஸ்டேசன்ல அழுதுட்டு உக்காந்திருக்கறானாம்."

"தொப்பை இருக்குதா?"

"இருக்குதுங்ணா."

"தூங்கறதில்ல, கண்டதைத் திங்கறான். அவனுக்கும் காலு நிக்காதுன்னு சொல்லி வை."

அது இரக்கமா சாபமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவரிடம் இரண்டும் ஒரே மாதிரிதான் வெளியே வரும். அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார், என்னிடம் பேசியது இல்லை. இரண்டு நாள் நன்றாக இருந்தார். ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத் தகவல் வரும் முன்பே களையான படம் வந்துவிட்டது.

அடக்கத்தன்று, காலைப் புதைத்த குழியைத் தோண்டி எடுத்து உடம்போடு சேர்த்துவிடலாம் என்று கேட்டேன். அவர் கேட்டதே அது ஒன்றுதான், அதையாவது செய்வோம் என்றேன். பங்காளிகள் கூடிப் பேசினார்கள். "ஒருக்கா மண்ணுக்குக் குடுத்ததை எடுக்கப்படாதுங்க. குடும்பத்துக்கு ஆகாது" என்று ஒரு பெரியவர் முடித்துவிட்டார். கத்தினேன், யாரும் கேட்கவில்லை. பாடையைத் தூக்கிய நால்வரில் வேலுச்சாமியும் ஒருவன். கொஞ்ச தூரம் போனதும், பக்கத்தில் வந்த என்னிடம், "மாமன் லேசாத்தான் இருக்குது" என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான். அப்பா, அண்ணன் வரிசையில் அவரையும் ஒற்றைக் காலோடு இறக்கினோம்.

பதினாறாம் நாள் படையலில் ஜிலேபி, அதிரசம், மைசூர்பாகு, எலும்புக் குழம்பு எல்லாம் இருந்தது. வைத்தது சரஸ்வதி அக்கா. "இனி ஒண்ணும் பண்ணாது, தின்னுட்டுப் போவட்டும்" என்றார்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்து நீங்கள் பேசியதைக் கேட்டேன். நடக்கப் போனதால்தான் செத்தார் என்றீர்கள். வீட்டில் படுத்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார் என்றீர்கள். விதி என்றீர்கள். சொல்லிக்கொண்டே இரண்டாவது ஜிலேபியைக் கேட்டு வாங்கினீர்கள். உங்கள் முகத்தில் துக்கம் இருந்தது, கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. இனி யாரும் உங்களை நடக்கச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? எங்களோடு நடந்த மற்ற மூன்று பேரும் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். நானும்தான் போகவில்லை.

மகன் வந்து அவர் மேசையைக் காலி செய்தான். அந்தச் சவரக் கண்ணாடியைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டினான். நான் உருவி எடுத்து என் மேசையில் போட்டுக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அது மட்டும்தான். அவருடைய கட்டுப்பாட்டை, மன உறுதியை நாமெல்லாம் தொடர வேண்டும் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். அதெல்லாம் யாருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

நேற்றுக் காலை ஆபீசில் வேறு யாரும் வந்திருக்கவில்லை. கண்ணாடியைத் தரையில் வைத்து, வயிறு இடிக்க, மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினேன். இடது குதிகாலுக்கு அடியில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாக இருந்தது. எத்தனை நாளாக இருக்கிறதோ, செருப்பிலும் கறை படிந்திருந்தது. விரலை வைத்து நன்றாக அழுத்தினேன். வலிக்கவே இல்லை.